உப்பு பக்கத்தில், சவர்க்காரம் இல்லை: பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தொண்ணூறுகளில் வன்னியில் பள்ளிக்கூடம் போன ஆட்களிடம் வெள்ளைச் சட்டை என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். என்னுடையது பழுப்புக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அம்மம்மா பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியை உடுப்பில் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊற விட்டு, கிணற்றடிக் கல்லில் அடித்து அலசுவா. ஊத்தை போகும், அதில் பொய் இல்லை. வாசம்தான் போகாது. கொடியில் காயப் போட்டுவிட்டுக் கண்ணை எடுத்தால் மாடு வந்து சட்டைக் கையைச் சப்பிக்கொண்டு நிற்கும். அப்படிச் சப்பின சட்டையோடு நான் காலைப் பிரார்த்தனைக்கு நின்றிருக்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலம் அது. 1990 நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கியதோடு மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று ஒவ்வொன்றாக வராமல் போயின, வந்தவற்றின் விலை பல மடங்கு ஏறியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி போட்டு விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ. இதெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு உறுத்துவது சவர்க்காரம். ஏனென்றால் அந்தப் பனம்பழக் காலத்தில் எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விசயம், சவர்க்காரத்துக்கு அடிப்படையான காஸ்டிக் சோடாவை எங்கள் கிளிநொச்சிப் பக்கத்திலேயே, பரந்தனிலேயே, முப்பது வருசம் மட்டில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது. எங்கள் அம்மம்மாவுக்குக்கூட "கெமிக்கல்" என்ற பெயர்தான் தெரியும், உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாது.

தொழிற்புரட்சி என்றால் நாங்கள் படித்ததெல்லாம் நீராவி இயந்திரமும் மான்செஸ்டர் பஞ்சாலையும்தான். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற பாடம். அது எங்கள் ஊருக்கு வந்ததையும், வந்த வழியே திரும்பிப் போனதையும் யாரும் சொல்லித் தரவில்லை. பரந்தனை ஒரு நிகழ்வாக எடுத்துப் பார்த்தால் அந்தப் பாடம் நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம்.

எப்படி வந்தது

சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948 முதல் 1953 வரை, கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி, பரந்தன் இரசாயனம், இந்த மூன்றையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவருடைய அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது, அதை விடுவோம். ஐம்பதுகளின் நடுவில் பரந்தன் ஒரு அரச கூட்டுத்தாபனமாகி ஓடத் தொடங்கியது.

ஏன் பரந்தன்? வரைபடத்தைப் பார்த்தால் போதும். வடக்கே பத்துக் கிலோமீற்றருக்குள் ஆனையிறவு, அங்கே 1930-களில் இருந்து உப்பளம். வாசலால் ஏ9 வீதி. 1905-இல் இருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் ஓடிய ரயில் பரந்தனில் நிற்கும். மூலப்பொருளும் பாதையும் கைக்கெட்டும் தூரத்தில். தொழிற்சாலைக்கு இடம் தெரிவு செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கவில்லை.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. வன்னியின் நெல்லும் ஆனையிறவின் உப்பும் ஒன்றுக்கொன்று எதிர்ப் பருவத்தில் விளைகிறவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காலபோகம், மாசி பங்குனியில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை. அந்த மழை விட்டு வெயில் ஏறி, சோளகம் அடிக்கத் தொடங்கினால்தான் உப்புப் பாத்தி பூக்கும். மழைக்கு ஒரு விளைச்சல், வெயிலுக்கு ஒரு விளைச்சல். இரண்டும் வானத்தைப் பார்த்து நடக்கிற வேலை. ஆனால் அந்த உப்பை வாங்கிய தொழிற்சாலைக்குப் பருவம் கிடையாது, வருசம் முழுக்க, பகல் இரவு பாராமல் ஓட வேண்டியது. அந்த வேறுபாடு பின்னால் வரும்.

தொட்டிக்குள் நடப்பது

வேலை கேட்பதற்குச் சின்னது. உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதில் இருக்கிற கல்சியம், மக்னீசியம் போன்ற கழிவை முதலில் படிய வைத்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி கெட்டுப் போகும். பிறகு நேர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின் வாயு, மற்றப் பக்கம் காஸ்டிக் சோடாவும் ஐதரசனும். கணக்குப் பார்த்தால் ஒரு தொன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் உப்புப் போகும், கூடவே 880 கிலோ மட்டில் குளோரின் வந்தே தீரும். மின்சாரம் பழைய முறைகளில் 3,000 யூனிற் அளவு. மாதம் 90 யூனிற் எரிக்கிற ஒரு வீட்டுக்கு அது ஏறத்தாழ இரண்டேமுக்கால் வருசத்துக்குக் காணும். ஒரே ஒரு தொன்னுக்கு.

"குளோரின் வந்தே தீரும்" என்பதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோடா மட்டும் தா, குளோரின் வேண்டாம் என்று இந்தத் தொட்டியிடம் சொல்ல முடியாது. சோடாவுக்குச் சவர்க்காரக்காரரும் கடதாசி ஆலையும் வாங்க ஆள் இருந்தாலும், குளோரினுக்கு ஆள் இல்லை என்றால் தொழிற்சாலை நிற்கும். உலகம் முழுக்க இந்தத் தொழிலின் தலைவலி இதுதான்.

ஐரோப்பாவில் இந்த இரண்டும் தனித்தனிக் கதைகளாகத்தான் தொடங்கின. துணி ஆலைகள் பெருகப் பெருக, நெய்த துணியை வெளுக்க வழியில்லாமல் தவித்தார்கள். அதுவரை சாம்பல் நீரில் அவித்து, புளித்த மோரில் ஊற வைத்து, புல்வெளியில் மாதக்கணக்காக விரித்து வெயிலில் போட்டு வெளுத்தார்கள். நூற்கிற மெசின் ஒரு நாளில் தருவதை வெளுக்க மாதங்கள் என்றால் யாரால் தாங்க முடியும்? 1785-இல் பிரான்சில் பெர்த்தொலே குளோரினுக்கு வெளுக்கும் தன்மை இருப்பதைக் காட்டினார். 1799-இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் தெனன்ற் அதை வெளிறாக்கும் தூளாக்கிக் காப்புரிமை எடுத்தார். மாத வேலை நாள் வேலையானது. சலவைச் சோடாவுக்கு, காஸ்டிக் சோடாவுக்கும் அப்போது அதுதான் முதற்படி, 1791-இல் லெபிளாங் ஒரு முறை கண்டுபிடித்தார். அந்த முறையில் ஐதரோகுளோரிக் அமில வாயு புகைபோக்கி வழியாக வெளியே போய் இங்கிலாந்தில் சுற்றுவட்டாரத்து மரம், பயிர் எல்லாம் கருகி, கடைசியில் 1863-இல் அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பிறகு அதே சோடாவுக்கு 1861-இன் சொல்வே முறை, 1892-இல் காஸ்னரும் கெல்னரும் ஆளுக்காள் தெரியாமல் கண்டுபிடித்த பாதரசத் தொட்டி மின்பகுப்பு, அதாவது மேலே சொன்ன, உப்பு நீரில் மின்சாரம் செலுத்துகிற வேலை. பரந்தனுக்கு வந்து சேர்ந்தது இந்த நூற்றைம்பது வருச ஓட்டத்தின் கடைசி வடிவம். இடையில் இருந்த படி ஒன்றையும் நாங்கள் ஏறவில்லை. நேரே மேல்மாடியில் இறக்கி விடப்பட்டோம்.

ஆனால் வேதியியல் எங்களுக்குப் புதிதில்லை, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளாவி என்றால் என்ன? உவர்மண்ணில் இருப்பது இயற்கைச் சோடா. துணியை அந்த உவர்மண் நீரில் நனைத்து, பானையின் மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் அவிப்பது. லெபிளாங் தொழிற்சாலை கட்டிச் செய்ததை ஒரு சாதியின் முதுகில் ஏற்றி ஊர் நூற்றாண்டுகளாக நடத்தியது. கூலி அருவி வெட்டு முடிந்த பிறகு நெல்லாக. தீட்டுத் துணியும் சாவீட்டுத் துணியும் வெளுக்க அவர்கள் வேண்டும், திண்ணையில் இருக்க அவர்கள் வேண்டாம். இதைப் பாரம்பரிய அறிவு என்று இன்றைக்கு மெச்சி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கடையில் சவர்க்காரக் கட்டி மலிவாக வந்ததும் அந்தக் கட்டு தளர்ந்தது. சன்லைற் இங்கிலாந்தில் 1884-இல் வந்த பெயர், லீவர் கம்பனி கொழும்பு கிராண்ட்பாஸில் 1938-இல் தொழிற்சாலை வைத்தது, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களின் மில்க்வைற் வந்தது. குடிமை செய்தவர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போக ஒரு வாசல் திறந்தது. நல்லது. அப்ப அந்த வேலை எங்கே போனது? காற்றில் கரையவில்லை, ஒவ்வொரு வீட்டுக் கிணற்றடிக்கும் போனது, அங்கே நின்றது பெண்கள். சாதியின் முதுகில் இருந்த பாரம் பெண்ணின் இடுப்புக்கு மாறியது. சவர்க்காரம் இருக்கும் வரைக்கும் அது அரை நாள் வேலை. அது இல்லாமல் போன வருசங்களில் அம்மம்மாவுக்கு முழு நாள். பனம்பழம் பொறுக்குவதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாதச் சம்பளம்

எங்கள் ஒழுங்கையில் அங்கே ஃபிற்றராக இருந்த ஒரு ஐயா இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. தொழிற்சாலை என்ன மாற்றியது என்று கேட்டேன். நான் மெசின், கரண்ட் என்று ஏதாவது வரும் என்று பார்த்தால் மனிசன் சொன்னது வேறு.

"தம்பி, கொப்பிக் கணக்கு நிண்டுது."

விளங்கவில்லை என்றேன். விளங்கப்படுத்தினார். விதைப்புக்காரர் எல்லோரும் கடையில் கொப்பி வைத்துத்தான் சாமான் எடுப்பார்கள், அருவி வெட்டி விற்றால்தான் கணக்கு முடியும், மழை பிழைத்தால் அடுத்த வருசத்துக்குப் போகும், வட்டியோடு. கெமிக்கலில் வேலை செய்தவருக்கு மாத முடிவில் காசு. கடைக்காரர் அவரைப் பார்த்துப் பேசும் தொனியே மாறியதாம். சைக்கிள் தவணைக்கு எடுக்கலாம். பிள்ளையை ரியூசனுக்கு விடலாம். பெண் கேட்டுப் போனால் எத்தனை ஏக்கர் என்று கேட்கிற ஊரில் முதன்முறையாக எந்த இடத்தில் வேலை என்று கேட்டார்களாம், இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

நேரமும் மாறியது. குளத்தில் தண்ணீர் விடுகிற நாள், விதைக்கிற நாள், பொங்கல் நாள் என்று நாளாக எண்ணியவர்கள் மணியாக எண்ணத் தொடங்கினார்கள். மின்பகுப்புத் தொட்டியை மாலையில் நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்க முடியாது, ஆகவே முறை வைத்து இரவு வேலை. "பகலிலை நித்திரை கொள்ள வேலிக்கரைச் சேவல் விடாது" என்றார். மாதச் சம்பளத்துக்கு அவர் கொடுத்த விலை அது. குளோரின் மூக்கில் ஏறினால் நாள் முழுக்க இருமல் என்பதையும் சொன்னார், ஆனால் அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை.

அறுந்தது

1985 அளவில் உற்பத்தி நின்றது, நாட்டு நிலைமை காரணமாக. அடுத்து 1990-இல் ஆனையிறவு உப்பளமும் நின்றது, யாழ்ப்பாணத்துக்கான ரயிலும் நின்றது. பின்னால் தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்து இரும்பும் மரமும் கொண்டுவந்து 1905-இல் போட்ட பாதை, மண்ணுக்குக் கீழே எங்கள் தலையைக் காத்தது. நான் அதற்குள் இருந்திருக்கிறேன், அதனால் அதை வீணாய்ப் போனது என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது. தேங்காய் இருந்தது, கொப்பரை காய வைத்து எண்ணெய் எடுக்கலாம். ஆனையிறவுப் பக்கம் உப்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. வேலை தெரிந்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். சவர்க்காரத்துக்கு வேண்டியது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் மட்டும். ஆனால் சோடா இல்லை, ஏனென்றால் மின்சாரம் இல்லை. அடுப்புச் சாம்பலை ஊற வைத்து வடித்தால் காரநீர் கிடைக்கும், அதில் வருவது பொட்டாசியம், எண்ணெயோடு காய்ச்சினால் களிபோலத்தான் நிற்கும், கட்டியாக இறுகாது. எண்ணெய், உப்பு, மின்சாரம் என்ற மூன்று கண்ணியில் ஒன்று போனதும் மற்ற இரண்டும் கைக்குள் இருந்தும் பயன் இல்லை. தொழிற்சாலை என்றால் கட்டடமும் மெசினும் என்று நினைத்திருந்தேன். அது உப்பு, கரண்ட், ரயில், வாங்குகிற ஆள், மாத முடிவில் சம்பளம் எழுதுகிற கிளாக்கர் எல்லாரும் கைகோத்து நிற்பது, ஒருவர் கையை விட்டால் நாங்கள் நூற்றைம்பது வருசம் பின்னால். உண்மையில் வெள்ளாவிக்கும் பின்னால், ஏனென்றால் உவர்மண் எடுக்கத் தெரிந்த ஆட்களும் அதற்குள் இல்லை.

கட்டடம் இருந்த இடம் முன்னரங்கில் மாட்டுப்பட்டது. பரந்தனும் ஆனையிறவும் எத்தனை தரம் கை மாறின என்பது ஊர் அறிந்தது, கடைசியாக 2009 சனவரி. இன்று கூரையில்லாத கொங்கிறீற்றுக் கூடு மிச்சம். உள்ளே இருந்த இரும்பு எல்லாம் போய்விட்டது.

கிளிநொச்சியில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கி எல்லோருக்கும் நினைவிருக்கும், சண்டை முடிந்த பிறகு பேருந்து பேருந்தாக வந்து படம் எடுத்துப் போனார்கள். மீளக் குடியேறின நாட்களில் எங்கள் முதல் வேலை கிணறு இறைத்துக் குளோரின் போடுவது. அந்த மணம் வந்தால்தான் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்று சொல்லித் தந்தார்கள். இங்கிலாந்தில் குடிதண்ணீருக்குத் தொடர்ந்து குளோரின் போடுவது லிங்கன் நகரில் 1905-இல் தொடங்கியது, வடபாதை ரயில் ஓடத் தொடங்கிய அதே வருசம். வெளியில் இருந்து வந்த அந்தக் குளோரினை வாளியில் கரைத்து ஊற்றும்போது, இதை இங்கேயே தொன் கணக்கில் செய்த இடம் அரை மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பரந்தன் என்ற பெயரில் அரச நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதன் முக்கிய தொழில் வெளிநாட்டில் இருந்து குளோரின் இறக்கித் தண்ணீர்ச் சபைக்கு விற்பது.

திறக்கலாமா

ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தக் கேள்வி வரும். திறக்கப் போகிறோம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, கணக்குத்தான் கேட்க வேண்டும். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. ஆனையிறவில் உப்பு மறுபடி விளைகிறது. மின்சாரம் இருக்கிறது, ஆனால் அதன் விலையில் ஒரு தொன்னுக்கு 2,000 யூனிற்றுக்கு மேல் எரித்து, பெரிய நாடுகளில் வருசத்துக்கு இலட்சக்கணக்கான தொன் செய்கிறவனோடு போட்டி போடுவது எப்படி? சோடா வாங்க ஆள் கிடைக்கும். குளோரினை யார் வாங்குவது, நாட்டின் தண்ணீருக்குத் தேவையான அளவு போதுமா, மிஞ்சினால் அமிலமாக்குவதா? இதற்குப் பதில் சொல்லாமல் அடிக்கல் நாட்டினால் அந்தக் கல் மட்டும்தான் நிற்கும். பாதரசத் தொட்டியை இனி யாரும் வைக்க முடியாது, பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச மினமாற்றா உடன்படிக்கை அதற்கு 2025-ஐக் கடைசி எல்லையாக வைத்தது. பாதரசத்துக்குப் பதில் நடுவில் ஒரு சவ்வை வைத்துப் பிரிக்கிற சவ்வுத் தொட்டிதான் வழி, அதற்கு உப்பு நீர் பழைய முறையைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். உப்புச் செய்கிறவர்களில் இருந்து பயிற்சி தொடங்க வேண்டும் என்று அர்த்தம்.

சிலர் சொல்கிறார்கள், அறிவியல்நகர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் போகிறார்கள், கைத்தொழில் வந்துவிட்டதே என்று. வந்திருக்கிறது, மாதச் சம்பளமும் வருகிறது, கொப்பிக் கணக்கும் சில வீடுகளில் நின்றிருக்கிறது. ஆனால் துணி வெளியில் இருந்து வருகிறது, நூல் வெளியில் இருந்து, சட்டை வெளியே போகிறது. இங்கே தைக்கிற கை மட்டும். ஆனையிறவு உப்புப் பரந்தனில் சோடாவாகி வாழைச்சேனையில் கடதாசிக்காக வைக்கோலை அவிக்கிற ஒரு தொடர் அதில் இல்லை.

ஐயாவிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன், திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. தொட்டி, கரண்ட், உப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அந்தக் காணி மண்ணையும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கச் சொன்னார். முப்பது வருசம் உள்ளே என்னென்ன சிந்தினது என்று தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பக்கம் இப்போது ஆட்கள் வீடு கட்டிக் கிணறு வெட்டியிருக்கிறார்கள்.